ரேசர் 1911: வழக்குக் கோப்பில் இல்லாத வரலாறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மென்பொருள் திருட்டு பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அதில் ‘ரேசர் 1911’ என்ற நார்வே குழுவுக்கு ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது. 1985-இல் நார்வேயில் தொடங்கி, கணினி விளையாட்டுகளின் நகல் தடுப்புப் பூட்டுகளை உடைத்துப் பரப்பி, 2001-இல் அமெரிக்க அரசு நடத்திய ‘ஆபரேஷன் பக்கனீர்’ சோதனையில் சிக்கிய கூட்டம் என்று அதன் கதை மூன்றே வரிகளில் முடிந்துவிட்டது. ஆண்டுகளில் பிழை இல்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் நார்வே இளைஞர்கள் தங்கள் வீட்டுக் கணினிகளில் எதை உருவாக்கினார்கள் என்பது அந்தப் பத்தியில் அறவே இல்லை. கல்லூரியில் கணினி வரைகலை கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், விடுபட்டுப்போன அந்தப் பகுதியைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்வது என் கடமை என்று கருதி இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குழுவையே எடுத்துக்கொள்வோம். டாக்டர் நோ, இன்சேன் டி.டி.எம்., செக்டர் 9 என்ற புனைபெயர்களில் இயங்கிய மூன்று பேர் கொமடோர் 64 கணினியில் அதைத் தொடங்கினார்கள். அப்போது அதன் பெயர் ரேசர் 2992. சிறிது காலத்தில் ரேசர் 1992 ஆயிற்று. அதன் பிறகே 1911 வந்தது. இந்த 1911 ஏதோ ஓர் ஆண்டைக் குறிப்பதாகத் தங்கள் கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியன்று. அன்றைய குழுக்களில் பல, தங்களைப் பயங்கரமாகக் காட்டிக்கொள்ளப் பெயருக்குப் பின்னால் 666 என்று போட்டுக்கொண்டன. அவற்றுக்குப் பதிலடியாக இவர்கள் 777-ஐத் தேர்ந்தெடுத்தார்கள்; அதையும் நிரலாளர்கள் அன்றாடம் புழங்கும், பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் எடுத்துக்கொண்டார்கள். அந்த முறையில் 777 என்பது ஏழு முறை 256, ஏழு முறை 16, அதோடு ஏழு. கூட்டினால் 1911 வருகிறது. கணினியின் எண்முறை கைவந்தவர்களுக்கு மட்டுமே புரியும் ஒரு கையொப்பம் அது.

பூட்டை உடைத்தது சட்டப்படியும் நியாயப்படியும் தவறு என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஒரு விளையாட்டை உருவாக்கியவரின் உழைப்பு அதனால் பறிபோனது. ஆயினும் அந்தத் தவறின் ஓரத்தில்தான் ஒரு கலை முளைத்தது என்பதும் வரலாறே. உடைக்கப்பட்ட விளையாட்டு ஓடத் தொடங்குமுன், இதை உடைத்தது யார் என்று அறிவிக்கும் சிறு முன்னோட்டம் ஒன்றைக் குழுக்கள் சேர்த்துவிடும். அக்காலத்தில் கோப்புகளைச் சேமித்த ‘பிளாப்பி’ வட்டில் விளையாட்டு போக மிஞ்சிய சில கிலோபைட் இடத்துக்குள், குழுவின் பெயர் மின்ன வேண்டும், இசை ஒலிக்க வேண்டும், வாழ்த்துரைகள் திரையின் அடியில் நடுக்கமில்லாமல் ஊர்ந்து செல்ல வேண்டும். கொமடோர் 64-இன் மொத்த நினைவகமே 64 கிலோபைட். அதன் செயலி வினாடிக்குச் சுமார் பத்து லட்சம் சுற்றுகள் மட்டுமே சுழலும். அந்தக் குறுகிய இடத்தில் யார் அதிகம் சாதிக்கிறார் என்ற போட்டி, சில ஆண்டுகளில் விளையாட்டையே தேவையற்றதாக்கிவிட்டது. முன்னோட்டம் மட்டும் தனியே நின்றது. அதற்கு ‘டெமோ’ என்று பெயர். அதை உருவாக்குவோரின் உலகம் ‘டெமோசீன்’ என்று அழைக்கப்படுகிறது. அதில் விற்பனை இல்லை. உடைப்பதற்குப் பூட்டும் இல்லை. பிளாப்பிகள் தபாலில் நாடு விட்டு நாடு சென்றன. பெறுவோரும் அனுப்புவோரும் பெரும்பாலும் பள்ளி மாணவர்கள்.

ரேசர் எண்பதுகளின் இறுதியில் அமிகா கணினிக்கும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பி.சி.க்கும் நகர்ந்தது. நகர நகர அது பல நாட்டவர் கலந்த குழுவாயிற்று. 2001 டிசம்பரில் தொடங்கிய வழக்கில் அதன் தலைவராகத் தண்டனை பெற்றவர் ஓர் அமெரிக்கர். 1985-இன் நார்வே நிறுவனர்களையும் அந்த வழக்கையும் ஒரே வாக்கியத்தில் கோத்து, முன்னவர்களே பின்னதில் பிடிபட்டார்கள் என்ற எண்ணத்தைக் கட்டுரை ஏற்படுத்திவிட்டது. இதைத் தாங்கள் திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதே ரேசர் பெயரில் இந்த நூற்றாண்டிலும் டெமோக்கள் விழாப் போட்டிகளில் வெளிவந்திருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ரேசரை மட்டும் பார்த்தால் நார்வேயின் பங்கு பாதிகூடப் புலப்படாது. அமிகா ஃப்ரீலான்சர்ஸ் என்று ஒரு நார்வே குழு இருந்தது. அவர்கள் 1990-இல் ‘புரோடிராக்கர்’ என்ற இசைக் கருவி மென்பொருளை வெளியிட்டார்கள். ஜெர்மனியின் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி 1987-இல் உருவாக்கிய ‘அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்’ இவ்வகையின் மூலம்; ஸ்வீடனில் அது ‘நாய்ஸ்டிராக்கர்’ ஆக வளர்ந்தது; புரோடிராக்கர் அந்த வழியில் வந்து, அமிகா இசைஞர்களின் பொதுக் கருவியாகவே நிலைத்துவிட்டது. திரையில் நான்கு நெடுவரிசைகள். ஒவ்வொன்றிலும் 64 வரிகள். அமிகாவின் ஒலிச் சில்லு ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய நான்கு குரல்களுக்கு அவை நான்கு பாதைகள். ஒலித்துணுக்குகளும், எந்தத் துணுக்கு எந்த நொடியில் எந்தச் சுருதியில் ஒலிக்க வேண்டும் என்ற குறிப்புகளும் ஒரே கோப்பில் இருக்கும். அதனால் பின்லாந்துச் சிறுவன் ஒருவன் அமைத்த இசையை நார்வேச் சிறுமி ஒருத்தி திறந்து, வரி வரியாக அது எப்படிக் கட்டப்பட்டது என்று பார்த்துவிட முடிந்தது. இசைப் பள்ளியின் வாசலை மிதிக்காத ஒரு தலைமுறை இசையமைக்கக் கற்றதற்கு இந்தத் திறந்த தன்மையே முக்கியக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

இனி, இந்தக் கடிதத்தை எழுத என்னைத் தூண்டிய குழுவுக்கு வருகிறேன். அதன் பெயர் ஸ்பேஸ்பால்ஸ். நார்வே வீட்டுக் கணினிக் குழுக்களின் வரலாற்றை ஒரே ஒரு படைப்பின் வழியே சொல்ல வேண்டுமானால், இவர்களுடைய ‘ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்’ டெமோவையே நான் எடுத்துக்கொள்வேன். 1992 டிசம்பர் இறுதியில் டென்மார்க்கின் ஆர்ஸ் நகரில் நடந்த ‘தி பார்ட்டி’ என்னும் சந்திப்பில், அமிகா டெமோ போட்டியில் அது முதலிடம் பெற்றது. லோன் ஸ்டார் என்ற புனைபெயர் கொண்டவர் நிரலெழுத, டிரவோல்டா என்பவர் இசையமைத்தார். அதுவரை அமிகா டெமோ என்றால் சுழலும் கனசதுரங்களும் துள்ளும் பந்துகளும் நெளியும் எழுத்துகளுமே பார்வையாளர் மனதில் வந்தன. இதில் திரை முழுவதும் பெண்கள் ஆடினார்கள். முகமில்லை, நிழலுருவம் மட்டும். வேகமான டெக்னோ தாளத்துக்கு இசைந்து அந்த உருவங்கள் குதித்துத் திரும்ப, பின்னால் வண்ணங்களும் வடிவங்களும் தாளத்தோடு மாறிக்கொண்டே இருந்தன. தொலைக்காட்சி இசைக் காணொளிகளைப் பார்த்து வளர்ந்த இளைஞர்கள், அதற்கு ஈடான ஒன்றைத் தங்கள் மேசைமேல் இருந்த கணினியிலேயே காட்டிவிட்டார்கள்.

இது எவ்வளவு கடினமான காரியம் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். அமிகா 500-இன் செயலி சுமார் 7 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது; ஒரு பிளாப்பியின் கொள்ளளவு 880 கிலோபைட். 320-க்கு 256 புள்ளிகள் கொண்ட திரையை வெறும் இரண்டே நிறத்தில் அப்படியே சேமித்தாலும் ஒரு படத்துக்கு 10,240 பைட் தேவை. ஆக ஒரு பிளாப்பி நிறைய 88 படங்களே அடங்கும். வினாடிக்கு 25 படங்கள் வீதம் ஓட்டினால் மூன்றரை வினாடியில் நடனம் முடிந்துவிடும். இசைக்கும் நிரலுக்கும் இடமே மிஞ்சாது. ஸ்பேஸ்பால்ஸ் குழுவினர் படத்தைச் சேமிக்கவில்லை. படம்பிடித்த நடனத்திலிருந்து உடலின் வெளிக்கோட்டை மட்டும் பிரித்தெடுத்து, அந்தக் கோட்டின் முனைப்புள்ளிகளை எண்களாக வைத்துக்கொண்டார்கள். ஒரு நிலைக்கு நூறு புள்ளிகள், புள்ளிக்கு இரண்டு பைட் என்று வைத்துக்கொண்டாலும் 200 பைட்டில் ஓர் உருவம் அடங்கிவிடுகிறது. திரையில் வரையும் வேலையை அமிகாவின் ‘பிளிட்டர்’ என்ற துணை மின்சுற்று ஏற்றுக்கொண்டது. கோடு இழுப்பதும், கோடுகளுக்கு உட்பட்ட பரப்பை நிரப்புவதும் அந்த வன்பொருளுக்கு இயல்பாகவே தெரிந்த பணிகள். ரங்கோலியில் முதலில் ஓரக் கோட்டை இழுத்துவிட்டுப் பிறகு உள்ளே வண்ணப் பொடி தூவுவதைப் போல, ஒவ்வொரு கிடைவரியிலும் இரண்டு எல்லைப் புள்ளிகளைக் கண்டறிந்து இடைப்பட்ட இடத்தை அது நிரப்பிச் சென்றது. இன்றும் என் மாணவர்களுக்குப் பலகோண நிரப்பலை விளக்கும்போது இந்த டெமோவையே நான் உதாரணமாகக் காட்டுகிறேன். பாடநூல் படத்தைவிட அது பல மடங்கு தெளிவாக மனதில் பதிகிறது.

அந்த வெற்றியை எல்லோரும் மனமார ஏற்றுக்கொள்ளவில்லை. முன்கூட்டியே தயாரித்த அசைவுகளை ஓட்டிக் காட்டுவதா நிரலாக்கத் திறமை, கணினி அந்தக் கணத்திலேயே கணக்கிட்டு வரைவதற்குத்தானே மதிப்பு என்று தேர்ந்த நிரலாளர்கள் பலர் குறைகூறினார்கள். அந்தக் குறையில் ஓரளவு உண்மை இருந்தது என்றாலும், நான் ஸ்பேஸ்பால்ஸ் பக்கமே நிற்பேன். எதைக் கணக்கிடுவது, எதை முன்பே செய்துவைப்பது என்று முடிவெடுப்பதும் நிரலாளரின் திறமைதான். டெமோ என்பது சக நிரலாளர்களுக்கு மட்டும் புரியும் வித்தையாக இருந்த நிலையை மாற்றி, அமிகாவைத் தொட்டே பார்க்காதவரும் வியந்து ரசிக்கும் ஒன்றாக அதை ஆக்கியது இந்தக் குழுவின் சாதனை. அடுத்த ஆண்டே ‘நைன் ஃபிங்கர்ஸ்’ என்ற டெமோவில் அதே உத்தியை அவர்கள் மேலும் விரிவாக்கினார்கள். அது இரண்டு பிளாப்பிகளில் வந்தது.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது கிரூசேடர்ஸ் குழுவைப் பற்றி. இசைத் தொகுப்புகளாகவே வெளியிடப்பட்ட பிளாப்பிகளுக்குப் பெயர்பெற்ற அமிகா குழு இது. இதில் ‘டாக்டர் ஆசம்’ என்ற பெயரில் இசையமைத்த பியோர்ன் லின்னே பின்னாளில் இங்கிலாந்தின் டீம்17 நிறுவனத்தில் சேர்ந்து, உலகெங்கும் விளையாடப்பட்ட ‘வோர்ம்ஸ்’ விளையாட்டுகளுக்கு இசை தந்தார். அதைவிட முக்கியமானது, இவர்களும் டெட்லைன் என்ற மற்றொரு குழுவும் சேர்ந்து 1992 ஈஸ்டர் விடுமுறையில் லில்லஸ்ட்ரோம் நகரின் ஸ்கெட்ஸ்மோ அரங்கில் நடத்திய ‘தி கேதரிங்’ சந்திப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் கணினிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, அரங்கத் தரையிலேயே உறங்கி எழுந்து, ஒருவர் படைப்பை மற்றவர் பார்த்தார்கள். 1996 முதல் அது ஹாமர் நகரின் ‘வைக்கிங் கப்பல்’ அரங்கில் நடைபெற்றது. 1994 லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கின் வேகச் சறுக்குப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட மாபெரும் கூடம் அது. பங்கேற்பாளர் எண்ணிக்கை ஐயாயிரத்தைத் தாண்டியது. பின்னாளில் அங்கே வலைப்பின்னல் விளையாட்டுக்காரர்கள் பெருகி, டெமோ படைப்போர் சிறுபான்மையாயினர் என்பது வருத்தத்துக்குரியது. அவர்களில் பலர் ஒஸ்லோவுக்கு அருகே கோடையில் கூடும் ‘சோல்ஸ்கோகன்’ போன்ற சிறிய சந்திப்புகளுக்குச் சென்றுவிட்டார்கள்.

ஐரோப்பிய நாடுகள் இந்தக் கலையை இப்போது எப்படி மதிக்கின்றன என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 2020-இல் பின்லாந்து, டெமோசீனைத் தன் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. யுனெஸ்கோவின் உடன்படிக்கைப்படி, பாட்டு, கூத்து, கைத்தொழில் போன்ற வாழும் மரபுகளுக்காக ஒவ்வொரு நாடும் வைத்திருக்கும் பட்டியல் அது. 2021-இல் ஜெர்மனியும் போலந்தும், 2023-இல் நெதர்லாந்தும் அவ்வாறே செய்தன. ஓர் அரசு மரபென்று ஏற்றுப் பதிவு செய்யும் ஒன்றை, நாம் குற்றச் செய்தியின் துணுக்காக மட்டும் அச்சிடுவது வாசகர்களுக்கு முழு நியாயம் செய்வதாகாது.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ரேசர் 1911 பெயரின் காரணத்தையும், 2001 வழக்கில் சிக்கியவர்கள் யார் என்பதையும் அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தமாக வெளியிடுங்கள். வாய்ப்பிருந்தால், ஸ்பேஸ்பால்ஸ், அமிகா ஃப்ரீலான்சர்ஸ், கிரூசேடர்ஸ் ஆகிய மூன்று குழுக்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை, அவர்களின் டெமோக்களிலிருந்து எடுத்த திரைக்காட்சிப் படங்களுடன் வெளியிடுங்கள். பழைய அமிகாவைப் போலவே இயங்கும் மென்பொருள்கள் இன்று இலவசமாகக் கிடைப்பதால், அவற்றின் வழியே அந்தப் படைப்புகளை இயக்கித் தெளிவான திரைக்காட்சிகளை எடுத்துக்கொள்ளலாம். கட்டுரையாளருக்கு அதில் உதவி தேவைப்பட்டால் செய்து கொடுக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்