தாய்லாந்தின் சியாங் மாயில் அறை பார்க்கும் மகளுக்கு

அன்பு மகளே,

சாந்திதாம் பக்கம் 6,000 பாத்துக்கு அறை இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்தப் பகுதிக்கு அது நியாயமான வாடகைதான். நிம்மன் சாலைப் பக்கம் இதே அளவு அறைக்கு இரண்டு பங்கு கேட்பார்கள். ஆனால் முன்பணம் கொடுக்கும் முன் கரண்ட் யூனிட் என்ன விலை என்று கேளம்மா.

அரசு மின்வாரியம் யூனிட்டுக்குச் சுமார் 4 பாத் வாங்குகிறது. பல கட்டடக்காரர்கள் அறைக்கு அறை உள்மீட்டர் வைத்து 7, 8 பாத் போடுகிறார்கள். சின்ன ஏசியை ராத்திரி எட்டு மணி நேரம் ஓட்டினாலே ஐந்து யூனிட் போகும், மாதம் 150 யூனிட். அரசு விலையில் 600 பாத், அவர்கள் விலையில் 1,200. நீ அறையிலிருந்தே வேலை பார்க்கிறவள், பகலிலும் ஏசி ஓடும். ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர் அது. தாய்லாந்து மொழியில் இருக்கும் ஒப்பந்தத்தில் 'கா ஃபை' என்றால் கரண்ட், 'கா நாம்' என்றால் தண்ணீர். அந்த இரண்டு வரிகளையும் யாரையாவது படித்துச் சொல்லச் சொல். சாவி வாங்கும் அன்றே மீட்டர் எண், சுவர்க் கீறல், மெத்தைக் கறை எல்லாவற்றையும் படமெடுத்து வை. முன்பணம் பெரும்பாலும் இரண்டு மாத வாடகை. காலி செய்யும்போது இவற்றைச் சொல்லித்தான் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு வருட ஒப்பந்தத்தில் இப்போதே கையெழுத்துப் போடாதே. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை புகைக்காலம். காடும் அறுவடைத் தாளும் எரியும். சுற்றிலும் மலை என்பதால் புகை ஊரை விட்டு நகராது. நுண்தூசியைப் பிடிக்கும் ஹெபா ஃபில்டர் வைத்த ஏர் பியூரிஃபயர் வாங்கியே ஆக வேண்டும். வாங்கினாலும், கதவின் அடி இடுக்கையும் பழைய கட்டடங்களில் குளியலறை ஜன்னலில் இருக்கும் கண்ணாடிச் சட்டங்களையும் அடைக்காவிட்டால் அது வெளிப்புகையைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். பலர் அந்த மாதங்களில் தெற்கே கடற்கரை ஊர்களுக்குப் போய்விடுகிறார்கள். நீயும் போவதென்றால் இரண்டு வாடகை ஆகும். உன் கணக்கில் இந்தத் தொகையே இல்லை, அதுதான் எனக்குக் கவலை.

சாப்பாட்டுக்குப் பயமில்லை. தெருக்கடையில் ஒரு தட்டு 50, 60 பாத். சைவத்துக்கு, மஞ்சள் பலகையில் சிவப்பாக 'ஜே' என்று எழுதிய கடைக்குப் போ. மற்ற இடங்களில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு விழும். சமைத்தால் பாசிப்பருப்பு வாங்கு, அங்கே மலிவு. துவரம்பருப்புக்கு இந்தியக் கடையைத் தேட வேண்டும். மல்லிகை அரிசிக்குப் பொன்னிக்கு வைக்கிற தண்ணீரை வைக்காதே, குழைந்துவிடும். ஒரு டம்ளருக்கு ஒன்றேகால் போதும்.

ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்குப் பெரும்பாலான வங்கிகள் ஒவ்வொரு முறையும் 220 பாத்துக்குக் குறையாமல் பிடிக்கும். எடுப்பதை மொத்தமாக எடு. உன் கணக்கில் பிடிக்கும் தொகையை ரூபாயாக மாற்றிப் போடட்டுமா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்து. ஸ்கூட்டர் வாடகைக்குப் பாஸ்போர்ட்டை அடகாகக் கேட்டால் கொடுக்காதே. இருசக்கர வாகனத்துக்கான சர்வதேச உரிமத்தை இங்கேயே ஆர்டிஓவில் எடுத்துக்கொண்டு போ. அது இல்லாமல் அடிபட்டால் காப்பீடு கைவிட்டுவிடும்.

விசா நாள் தாண்டினால் நாளுக்கு 500 பாத் அபராதம். நீ தங்கியிருப்பதை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்த ரசீதைக் கேட்டு வாங்கு. பின்னால் விசா வேலை எதற்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பு. நான் பார்த்த பிறகு பணம் கட்டு.

அம்மா