மின்முலாம் பட்டறை உரிமையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகள் தடையில்லாமல் நடந்தன. சந்தாவும் பெரும்பாலும் வந்துவிட்டது. இந்த ஆண்டு கூட்டங்களில் நாம் அதிகம் பேசியது குரோம் டேங்கிலிருந்து கிளம்பும் புகையைப் பற்றி என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

ஹார்டு குரோம் பாத்தில், அதாவது இயந்திர பாகங்களுக்குத் தேயாத தடித்த குரோம் பூச்சு போடும் கரைசலில், நாம் செலுத்தும் கரண்டில் சுமார் 10 முதல் 20 சதவீதம்தான் பூச்சாகப் படிகிறது. மீதியில் பெரும்பகுதி தண்ணீரைப் பிரித்து வாயுக் குமிழிகளாக்குகிறது. குமிழி மேலே வந்து உடையும்போது குரோமிக் ஆசிட்டைப் பொடித் துளிகளாகத் தெறிக்கவிடுகிறது. உத்தரத்தில் மஞ்சளும் பழுப்புமாகப் படியும் கறை அதுதான். அந்தத் துளியிலுள்ள ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) நுரையீரல் புற்றுநோய் தரும் என்பது உறுதியான விஷயம். மூக்கின் நடுச்சுவரில் வலியே தெரியாமல் ஓட்டை விழுவதும் இந்தத் தொழிலில் பழைய கதை. ஆப்பரேட்டர் ஷிஃப்ட் முழுக்க அந்தக் காற்றில்தான் நிற்கிறார்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போதும் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். புகையை நம் ஆளிடமிருந்து எடுத்துப் பக்கத்துத் தெருவுக்குக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். துளி டேங்கை விட்டே கிளம்பாமல் தடுப்பதுதான் முதல் வேலை. பரப்பு இழுவிசையைக் குறைக்கும் மருந்தைக் கலந்தால் தெறிப்பு வெகுவாகக் குறைகிறது. ஆனால் பி.எஃப்.ஓ.எஸ். என்ற ஃப்ளோரின் வேதிப்பொருள் கலந்த மருந்து வேண்டவே வேண்டாம். மண்ணிலும் நீரிலும் அழியாத அந்தப் பொருளை 2009-லேயே, இப்படி அழியாத நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அது இல்லை என்று சப்ளையரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஸ்க்ரப்பர், அதாவது ஃபேன் இழுக்கும் புகையைத் தண்ணீரால் கழுவும் கருவி. கரண்ட் மிச்சம் என்று இரவில் பம்பை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டுவது தயவுசெய்து கூடாது. கழுவிய மஞ்சள் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதும் கூடாது. டேங்க் 50, 55 டிகிரி சூட்டில் ஓடுவதால் தண்ணீர் தினமும் ஆவியாகிறது. அந்தக் குறைவுக்கு ஸ்க்ரப்பர் கழுவிய தண்ணீரையே ஊற்றலாம். டேங்கினுள் அழுக்கு சேர்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஆசிட் செலவும் கொஞ்சம் குறையும்.

அலங்காரப் பூச்சு செய்யும் உறுப்பினர்கள் நச்சு குறைந்த டிரைவேலன்ட் குரோமியப் பாத்தை யோசிக்க வேண்டும். நிறம் லேசாக மாறும் என்று வாடிக்கையாளர் தயங்குவது உண்மைதான். சாம்பிள் கொடுத்துப் பேசினால் பலர் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். கலிஃபோர்னியாவில் ஹெக்ஸாவேலன்ட் முறையைக் கட்டம் கட்டமாக நிறுத்த 2023-இல் முடிவெடுத்துவிட்டார்கள். ஹார்டு குரோமுக்கு அவ்வளவு எளிதான மாற்று இன்னும் இல்லை.

டேங்கில் நிற்கும் தொழிலாளர் அனைவருக்கும் ஆண்டுதோறும் காது மூக்கு தொண்டை மருத்துவரின் பரிசோதனையைச் சங்கச் செலவில் நடத்தப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.