மின்கட்டணத்தில் மட்டும் ஏற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சூரிய, காற்று மின்சாரத்துக்கு மாறியே ஆக வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செலவை யார் தலையில் கட்டுவது என்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது. ஜெர்மனி 2000-இல் சட்டம் போட்டு, அந்தச் செலவை மின்கட்டணத்தோடு சேர்த்து வசூலித்தது. 2014-இல் அந்தக் கூடுதல் கட்டணம் யூனிட்டுக்கு 6 யூரோ சென்டைத் தாண்டியது. மின்சாரத்தை அதிகம் விழுங்கும் பெரிய ஆலைகளுக்குச் சலுகை கிடைத்தது. நாலு விளக்கும் ஒரு ஃபிரிட்ஜும் வைத்திருந்த வீட்டுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் 2022 ஜூலையில் அந்தக் கூடுதல் கட்டணத்தை நிறுத்திவிட்டு, அரசு நிதியிலிருந்தே கொடுக்கத் தொடங்கினார்கள்.

நிலக்கரி நிலையத்துக்கு எரிபொருள் செலவு வருடா வருடம் வரும். சூரியத் தகட்டுக்கு வெயில் இலவசம், ஆனால் கிட்டத்தட்ட முழுப் பணமும் முதலிலேயே வேண்டும். அதனால் கடன் வட்டி சற்றுக் கூடினாலும் யூனிட் விலை ஏறிவிடும். மானியத்தைவிட, அரசு உத்தரவாதத்தோடு குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் கொடுப்பதே பெரிய உதவி என்பேன்.

சரி, பணம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மாலையில் வெயில் சாயும் நேரத்தில்தான் வீடு வீடாக விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது. அந்த மூன்று நான்கு மணி நேரத்துக்கு பேட்டரிச் சேமிப்பு வேண்டும். தூரத்துக் காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுவர உயரழுத்தக் கம்பிகளும் வேண்டும். இவை இல்லாமல் தகடுகளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், நண்பகலில் உற்பத்தியை நிறுத்திவைக்க நேரிடும். எந்தத் திட்டத்திலும் கம்பிக்கும் சேமிப்புக்கும் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள். அப்புறம், மூடப்படும் நிலக்கரிச் சுரங்கங்களின் தொழிலாளர்களுக்கான தொகையையும் அதே கணக்கில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்