பணமும் ஆட்டமும்: தமிழில் எழுதப்படாத கதைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தையும் விளையாட்டுப் பக்கத்தையும் நாள் தவறாமல் வாசித்துவரும் செட்டிநாட்டுக்காரன் நான். இவ்விரு பக்கங்களிலும் பங்கு விலையும் ஓட்ட எண்ணிக்கையும் குறைவின்றி வருகின்றன. அவற்றுக்குப் பின்னால் நின்று முடிவெடுத்த மனிதர்கள்தாம் வருவதில்லை. அத்தகைய மனிதர்களை எழுதுவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட அமெரிக்கர் மைக்கேல் லூயிஸைப் போல் ஒருவர் தமிழில் உருவாகவில்லையே என்பது என் நெடுநாளைய ஆதங்கம்.

கல்லூரியில் கலை வரலாறு படித்த லூயிஸ், சாலமன் பிரதர்ஸ் நிறுவனத்தில் கடன் பத்திரங்களை விற்கும் வேலையில் சேர்ந்து, அங்கே கண்டதை 1989-இல் 'லையர்ஸ் போக்கர்' என்ற நூலாக்கினார். பணச்சந்தையின் பேராசையைக் கண்டு இளைஞர்கள் விலகுவார்கள் என்று அவர் எண்ணியிருக்க, மாணவர்களோ அதையே வழிகாட்டி நூலாகக் கொண்டு மேலும் யோசனை கேட்டுக் கடிதம் எழுதினார்கள். 2010-இல் வந்த 'தி பிக் ஷார்ட்' நூலில், வீட்டுக்கடன் பத்திரங்களின் பல நூறு பக்க ஆவணங்களைப் பொறுமையாகப் படித்து, 2008-இல் வரவிருந்த நிதிச் சரிவை முன்கூட்டியே கண்ட மருத்துவர் ஒருவரைக் காட்டினார். கடன் வாங்கியவன் யார், அவனால் திருப்பித் தர முடியுமா என்பதே அம்மருத்துவர் எழுப்பிய கேள்வி. பர்மாவில் வட்டிக்கடையின் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் சிறுவனாக, வாழ்வைத் தொடங்கிய எங்கள் ஐயாவுக்கும் முதலில் கற்பிக்கப்பட்ட பாடம் அதுதான்.

விளையாட்டில் அவர் செய்தது இதனினும் அரியது. 2002-இல் ஓக்லாந்து பேஸ்பால் அணி ஏறத்தாழ 4 கோடி டாலர் சம்பளச் செலவில் 103 ஆட்டங்களை வென்றது. 12 கோடிக்கும் மேல் செலவிட்ட நியூயார்க் யாங்கீஸ் அணி வென்றதும் அதே 103 ஆட்டங்கள்தாம். பந்தை ஓங்கி அடிக்காவிட்டாலும், தவறான பந்துகள் நான்கைப் பொறுமையாக விட்டுவிட்டு, அதற்குரிய சலுகையாக, ஓட்டப் பாதையின் முதல் நிலையமான முதல் தளத்தை அடையும் ஆட்டக்காரருக்குச் சந்தை உரிய விலை தரவில்லை என்பதை அந்த அணி கண்டுகொண்ட கதையே 2003-இல் வெளியான 'மணிபால்'. மலிவாகக் கிடைக்கும் நல்ல சரக்கை இனங்காணும் வணிகக் கண்ணை மைதானத்துக்குள் கொண்டுபோய்க் காட்டிய நூல் அது.

அவரிடம் குறையும் உண்டு. தாம் எழுதும் மனிதருடன் அவர் மிகவும் நெருங்கிவிடுகிறார். மெய்நிகர் நாணயச் சந்தை நடத்திய சாம் பேங்க்மன்-ஃபிரைடைப் பற்றிய அவரது நூல், மோசடி வழக்கின் விசாரணை தொடங்கிய 2023 அக்டோபர் 3 அன்றே வெளிவந்தது. ஒரே மாதத்தில் பேங்க்மன்-ஃபிரைட் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. நூல் அவரிடம் கனிவு காட்டியது என்ற விமர்சனம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஆயினும், எழுதுவதற்கு நம் மண்ணில் பொருளா இல்லை? கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல், அங்கே உழவருக்குக் கடன் கொடுத்துவந்த செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6; நெல் விலை வீழ்ந்து, பணமாகத் திரும்ப வேண்டிய கடன் வயலாகத் திரும்பியதில், 1938-க்குள் அது 25 ஆனது. கடன் கொடுத்தவரின் கலக்கத்தையும் நிலமிழந்த பர்மிய உழவரின் துயரத்தையும் ஒருசேரச் சொல்லும் நூலைத் தமிழில் நான் இன்னும் படிக்கவில்லை. சேப்பாக்கம் மைதானம் தாங்கி நிற்கும் எம்.ஏ.சிதம்பரம் என்ற பெயர் செட்டிநாட்டு அரச குடும்பத்துத் தொழிலதிபருடையது. கிரிக்கெட்டுக்குள் வணிகர்களின் பணம் வந்த கதையை அங்கிருந்தே தொடங்கலாம்.

இதற்கிடையே எங்கள் ஊர் வீடுகளில் பேரேடுகளும் ஐந்தொகைக் குறிப்புகளும் பழைய மரச்சாமான்களோடு சேர்த்து எடைக்குப் போகின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த முதியவர்கள் சிலரே எஞ்சியிருக்கிறார்கள். தங்கள் நாளிதழ் இளம் செய்தியாளர் ஒருவரையேனும், நாள் செய்தி எழுதும் கடமையிலிருந்து சில மாதங்கள் விடுவித்து, காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் அனுப்பி, தொடராக எழுதச் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டுப் பேரேடுகளை அவருக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

தங்கள் வாசகன்,
கானாடுகாத்தான்