சூசையப்பர் கோயில் சுவர்ப்படத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பீடத்துக்கு இடப்புறச் சுவரில், குழந்தை இயேசு, மாதா, சூசையப்பர் என்ற திருக்குடும்பம் ஏரோது அரசனுக்குப் பயந்து எகிப்துக்குத் தப்பிப் போகும் படத்தைப் புதிதாக எழுதும் வேலை முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கைக் கோயில் முகப்பில் ஒட்டியிருக்கிறோம். பார்த்துவிட்டுக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.

முதலில் சுவர். நம்முடையது முருகைக் கல் (பவளப்பாறைக் கல்) சுவர். கடலில் எடுத்த கல், உப்பு உள்ளேயே இருக்கிறது. முன்பு வேலை எடுத்தவர் அதன்மேல் சிமென்ட் பூசி, எனாமல் பெயின்டில் படம் எழுதிவிட்டார். ஓதம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மாதாவின் முகம் பாதி போன பிறகுதான் கூட்டம் போட்டோம். அந்தத் தாமதம் குழுவின் தவறு. இந்த முறை சிமென்டைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாக உலரவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசினோம். நிறங்களும் காவி, மஞ்சள் மண் என்று சுண்ணாம்புக்கு வெளுக்காதவை மட்டும்தான்.

அப்புறம் படம். கழுதைக்குப் பதில் வள்ளம் எழுதலாமே என்று சிலர் கேட்டீர்கள். மத்தேயு நற்செய்தியில் கழுதை இல்லை என்பது உண்மைதான். குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு சூசையப்பர் இரவிலேயே புறப்பட்டார் என்பதோடு சரி. கழுதையைக் கொண்டுவந்தவர்கள் பின்னால் வந்தவர்கள். நம் அந்தோனியாரின் பதுவை நகரில் (இத்தாலி), 1305 வாக்கில் ஜொத்தோ என்ற ஓவியர் எழுதிய சுவர்ப்படத்தில் மாதா கழுதைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். மேலே வானதூதர் கை நீட்டி வழிகாட்டுகிறார். நம் பெரியவர்கள் பார்த்து வளர்ந்ததும் கழுதைதான். அது இருக்கட்டும் என்று முடிவானது.

மாற்றியது ஒன்றே ஒன்று. 1990-ல் தலைமன்னாரிலிருந்து படகில் வந்த அக்கா ஒருவர் சாரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சூசையப்பர் தோளில் பெரிய மூட்டை. "ராவோட ராவா வெளிக்கிடுற சனம் இவ்வளவு கொண்டு வரேலாது தம்பி" என்றார். ஓவியர் ஒன்றும் பேசாமல் மூட்டைமேல் சுண்ணாம்பைத் தீற்றினார். இப்போது அங்கே இருப்பது தலையணை உறை அளவுக்கு ஒரு முடிச்சு. குழந்தைத் துணியின் ஓரம் மட்டும் வெளியே தெரிகிறது. படத்தில் குழுவுக்கு மிகவும் பிடித்த இடம் அது.

டிசம்பர் 28, ஏரோது கொன்ற குழந்தைகளை நினைக்கும் மாசில்லாக் குழந்தைகள் திருநாள் பூசை முடிந்ததும் படத்தை மந்திரிப்பார்கள். அந்தச் சுவரோரம் யாரும் மெழுகுதிரி ஏற்ற வேண்டாம், புகை ஏறிவிடும். வாசற்பக்கம் மணல் தொட்டி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு