எந்தத் தெரு, எத்தனை மணிக்கு?

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் போடத் தாமதமாகிவிட்டது, ஏப்ரல் மாதம் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. முழங்கால் வலிக்கு மருந்து மாற்றியதாக எழுதியிருந்தாய், இப்போது தேவலையா? மாடி வீடு வேண்டாம் என்று அப்போதே சொன்னேன், நீ எங்கே கேட்டாய்.

பாப்பா இதழியல் முடித்துவிட்டு மாநகராட்சியில் மக்கள் தொடர்பு வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறாள், உள்ளதை உள்ளபடி சொல் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். படித்துவிட்டு அவளிடமும் கொடு.

நாம் பத்திரிகை டெஸ்க்கில் உட்கார்ந்து செய்தி திருத்திக்கொண்டிருந்த காலத்தில் அரசுச் செய்திக்குறிப்பு வந்தால் என்ன செய்வோம்? முதல் பத்தியை மொத்தமாக அடித்துவிட்டு, கடைசி வரியைத் தூக்கி மேலே வைப்போம். மாநகராட்சி மக்கள் தொடர்பு வேலையில் அந்த முதல் பத்தியை எழுதுகிறவன் இப்போது நான்தான். ஒரு பூங்கா திறப்பு என்றால் அமைச்சர் திறந்து வைத்தார், மேயர் தலைமை, ஆணையர் முன்னிலை, அப்புறம் சட்டமன்ற உறுப்பினர், துணை மேயர், மண்டலத் தலைவர், நிலைக்குழுத் தலைவர்கள், வார்டு கவுன்சிலர், மாநகரப் பொறியாளர் என்று பட்டியல் முடியவே அரைப்பக்கம் போய்விடும். பூங்கா எந்தத் தெருவில் இருக்கிறது, காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு பெயர் விட்டுப்போனாலோ, வரிசை மாறினாலோ, அன்றைக்குப் பூங்காவை எல்லோரும் மறந்துவிடுவார்கள். என் பெயர் மட்டும்தான் அடிபடும். உன் மகளுக்கு இதில் பொறுமை இருக்குமா என்று முதலில் கேள்.

2016 அக்டோபரில் பழைய மாமன்றத்தின் காலம் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் மாநகராட்சித் தேர்தலே நடக்கவில்லை, நினைவிருக்கிறதா? மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை, தனி அலுவலர் ஆட்சிதான். அப்போது என் பட்டியல் ரொம்பச் சின்னது, ஆணையர் பெயரோடு முடிந்துவிடும். எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரைப் பிடிப்பது என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை, நேராக என் அறைக்கு வந்துவிடுவார்கள். 2022 பிப்ரவரி 19 தேர்தல் முடிந்து கவுன்சிலர்கள் வந்தபிறகு பட்டியல் நீண்டதில் எனக்கு வருத்தம் இல்லை. எந்தச் சந்தில் தண்ணீர் வரவில்லை என்பது ஆய்வுக் கூட்டத்தில் தெரிவதைவிட, ஒரு கவுன்சிலர் காலை ஆறரை மணிக்குப் போனில் கத்தும்போதுதான் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

அவர்கள் பதவியேற்று ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, ஏப்ரல் 1ஆம் தேதி சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேலே 100. சென்னையின் பழைய பகுதிகளுக்கு மட்டும் வேறு கணக்கு. செய்திக்குறிப்பில் இந்தச் சதவீதங்களைப் போட்டு அனுப்பினோம், எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. மறுநாள் போன் செய்த ஒருவரும் சதவீதம் பற்றிக் கேட்கவில்லை. "என் வீட்டுக்கு எவ்வளவு சார்?" என்ற ஒரே கேள்விதான். இன்னும் சிலர், "2018ல ஏத்தினாங்க, அடுத்த வருஷமே நிறுத்தி வச்சாங்க. இப்பவும் நிறுத்துவாங்களா, காத்திருக்கட்டுமா?" என்றார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. முதல் கேள்விக்கு மட்டும் வழி செய்தோம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு அரையாண்டுக்கு 600 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவர் இனி 900 கட்ட வேண்டும் என்பது மாதிரி நாலைந்து கணக்கு எழுதி வரி வசூல் மையங்களின் வாசலில் ஒட்டினோம். திட்டு குறையவில்லை, குழப்பம் குறைந்தது.

இந்த வேலையில் நான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் விஷயம் இது ஒன்றுதான், மாப்ள. பத்திரிகையில் மின்வாரியத்தின் மின்தடை அறிவிப்பு வருமே, காலை 9 மணி முதல் இத்தனை மணி வரை என்று போட்டு, கீழே தெருப் பெயராக அடுக்கியிருப்பார்கள். அதில் அழகும் இல்லை, அலங்காரமும் இல்லை. ஆனால் ஊரில் அதைப் படிக்காத வீடு உண்டா? படித்துவிட்டு மாவு ஆட்டுகிறார்கள், மோட்டார் போடுகிறார்கள். எங்கள் குடிநீர் அறிவிப்போ, "பராமரிப்புப் பணிகள் காரணமாக மாநகரின் சில பகுதிகளில் குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தப்படும், பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று போகும். எந்தப் பகுதி? எத்தனை நாள்? லாரி எங்கே நிற்கும்? கேட்டால் பொறியாளர் தயங்குவார். தெருவைச் சொல்லிவிட்டால் அந்தத் தெருக்காரர்கள் கேள்வி கேட்பார்களாம். சொல்லாவிட்டால் ஊரே கேட்கும் என்று புரியவைப்பதற்குள் எனக்கு டீ ஆறிவிடும். ஆனால் அவரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. எந்த வால்வை மூடினால் எந்தச் சந்துக்குத் தண்ணீர் நிற்கும் என்பது பல இடங்களில் வரைபடத்தில் இல்லை, வால்வு திறக்கும் ஊழியரின் தலைக்குள்தான் இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் அறிவிப்பு எழுதும் முன் நான் அந்த ஊழியரிடம்தான் போகிறேன்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை இந்தக் கண்ணோடு பார். முதல் தேதி ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் விநாடிக்கு 29,000 கன அடி என்று அரசுக் கணக்கு சொன்னது. அடையாற்றங்கரையில் ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் தூங்கிக்கொண்டிருந்தவருக்கு 29,000 கன அடி என்றால் என்ன புரியும்? என் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும், இடுப்பளவா கழுத்தளவா, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவது என்பதுதானே அவருக்கு வேண்டும். ஏரி உடைந்துவிட்டது என்று அந்த நாட்களில் வதந்தி பறந்ததும் அதனால்தான். சரியான சேதி போய்ச் சேராத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். அணை, ஏரி நிர்வாகமெல்லாம் மாநகராட்சி வேலை இல்லை என்பது எனக்கும் தெரியும். வாசலில் தண்ணீர் நிற்கும்போது எந்தத் துறை என்று யாராவது பார்ப்பார்களா?

இன்னொன்று. நாங்கள் எழுதும் செய்திக்குறிப்பை நிருபர்களைத் தவிர யாரும் முழுதாகப் படிப்பதில்லை. ஜனங்களுக்கு எங்களிடமிருந்து நேராகப் போகும் எழுத்து, "தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்ற குறுஞ்செய்திதான். சென்னையில் 1913 என்ற எண்ணுக்குக் கூப்பிடுவார்கள் (ரிப்பன் கட்டடம் திறந்த வருடமும் அதுதான்). ஒவ்வொரு ஊருக்கும் ஓர் எண், ஒரு செயலி. சாக்கடை வழிந்தபடியே இருக்கும்போது அந்தச் செய்தி வந்தால், அதற்கப்புறம் நான் என்ன எழுதினாலும் எடுபடாது. முடித்ததற்குப் புகைப்படம் இல்லாமல் புகாரை மூடக்கூடாது என்று எங்கள் அலுவலகத்தில் சண்டை போட்டுப் பாதி வாங்கியிருக்கிறேன். மீதிப் பாதிக்குப் பழைய புகைப்படத்தையே ஏற்றிவிடுகிறார்கள்!

நம் ஆட்களில் ஜனங்கள் நம்பிப் பேசுவது தூய்மைப் பணியாளர்களிடம்தான். தினமும் வாசலுக்கு வருகிறவர் அவர் ஒருவர்தானே. குப்பை பிரிப்பதாகட்டும், முகாமாகட்டும், அவரிடம்தான் விசாரிக்கிறார்கள். ஆனால் எந்தப் புது அறிவிப்பும் அவருக்குக் கடைசியில்தான் தெரியும், சில நேரம் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். காலை வருகைப் பதிவு எடுக்கும் இடத்தில் இரண்டு நிமிடம் படித்துக்காட்டினால் போதும், விளம்பரப் பலகைக்குக் கொட்டும் காசு மிச்சமாகும். இதைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள். பலகையும் வைக்கிறார்கள், அதில் முக்கால்வாசி படங்கள்.

காலையில் பத்திரிகைகளைப் பார்த்து, வார்டு வாட்ஸ்அப் குழுக்களையும் பார்த்து, ஆணையருக்கு ஒரு தொகுப்பு அனுப்ப வேண்டும். பாராட்டை மேலே வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. நான் திட்டை மேலே வைப்பேன். எல்லா ஆணையருக்கும் இது பிடிப்பதில்லை. ஒருவருக்குப் பிடித்திருந்தது, அவரைச் சீக்கிரமே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

பாப்பா இதை வேலையாக எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. காணொளி எடுக்க, வெட்ட, ஒட்ட எல்லாம் அவளுக்குத் தெரியும், எங்களில் பலருக்கு அது வராது. ஆனால் படம் பிடிப்பதற்கே வைத்துக்கொள்வார்கள், ஜாக்கிரதை. சேர்வதற்கு முன்னால் ஒரு மாமன்றக் கூட்டத்தை முழுதாகப் பார்க்கச் சொல். வெளிநடப்பு, கூச்சல் எல்லாம் முடிந்து பாதிப்பேர் சாப்பிடக் கிளம்பிய பிறகு, ஏதாவது ஒரு கவுன்சிலர் எழுந்து தன் வார்டு கல்வெர்ட் (சிறுபாலம்) பற்றிப் பேசுவார். அதையும் இருந்து கேட்கிற பொறுமை அவளுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள். விருப்பம் இருந்தால் மே மாதம் ஒரு வாரம் இங்கே அனுப்பு. வீட்டில் தங்கிக்கொள்ளட்டும், என்னோடு அலுவலகம் வரட்டும்.

உங்கள் கும்பகோணமும் 2021ல் மாநகராட்சி ஆகிவிட்டதே, அங்கே எப்படி நடக்கிறது என்று எழுது. கோயில் குளம் தவிர வேறு சேதி வருவதில்லை உன்னிடமிருந்து. அப்புறம், இந்த அரையாண்டு வீட்டு வரியை 30ஆம் தேதிக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. நீ வழக்கம்போல மறந்திருப்பாய். தங்கச்சியிடம் சொல்லிவிடு, அவள் கட்டிவிடுவாள்.

அன்புடன்,
உன் பழைய டெஸ்க் கூட்டாளி