ஆணை காதில் விழாதவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மதுரைச் சித்திரைத் திருவிழாவில், கள்ளழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவில், தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி என் தம்பியின் தோளில் லத்தி விழுந்தது. அவன் பிறவியிலேயே காது கேளாதவன், பேச்சும் வராது. புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல் கடைகளுள் ஒன்றில் வேலை பார்க்கிறான். கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு வந்த காவலர் பின்னாலிருந்து மூன்று முறை அதட்டியிருக்கிறார். சுற்றியிருந்த எல்லோரும் விலக, இவன் மட்டும் நின்றிருக்கிறான். அடி பட்டுத் திரும்பியவன், அம்மா சின்ன வயதிலிருந்து பழக்கியபடி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டான். இரண்டாவது அடி அந்தக் கையின் மேல் விழுந்தது. விரல் எலும்பில் விரிசல் கண்டு ஐந்து வாரம் மிஷினில் உட்கார முடியவில்லை.

மறுநாள் காவல் நிலையத்துக்குப் போய் மனு ரசீது கேட்டேன். "தெரியாம நடந்துபோச்சும்மா, அவரும் காலையிலேருந்து நின்ன எடத்துல நிக்கிறவரு" என்றார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால் ரசீது வாங்காமலே திரும்பிவிட்டேன். திரும்பியது தவறு என்று இப்போது நினைக்கிறேன். 'தெரியாமல் நடந்துவிட்டது' என்ற அதே சொல்தான் வேறு நாடுகளில் துப்பாக்கியால் சுட்ட காவலர்களையும் வழக்கிலிருந்து விடுவித்துக்கொண்டிருக்கிறது.

2020 மே 30 அன்று கிழக்கு ஜெருசலேமில், ஆட்டிசம் உள்ள 32 வயதுப் பாலஸ்தீனர் ஒருவர் தாம் வழக்கமாகச் செல்லும் சிறப்புப் பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். இஸ்ரேலிய எல்லைக் காவல் படையினர் நிற்கச் சொன்னதும் மிரண்டு ஓடினார். குப்பை போடும் இடத்தில் ஒண்டியவரை, அவருடைய ஆசிரியை 'இவர் மாற்றுத்திறனாளி' என்று கூவியும் கேளாமல் சுட்டுக் கொன்றார்கள். அவரிடம் ஆயுதம் எதுவும் இல்லை. சுட்டவர் மீது 2021இல் குற்றம் சாட்டப்பட்டது. 2023 ஜூலையில் அவர் விடுதலையானார். தவறுதான், ஆனால் நேர்மையாக நேர்ந்த தவறு என்றது நீதிமன்றம். அமெரிக்காவின் நார்த் மயாமியில் 2016இல் ஆட்டிசம் உள்ள ஒருவர் கையில் வைத்திருந்த பொம்மை லாரி துப்பாக்கியாகத் தெரிந்தது. அவருடைய பராமரிப்பாளர் இரு கைகளையும் உயர்த்தியபடி தரையில் படுத்து, அது பொம்மை என்று சொல்லியும் பயனில்லை. தோட்டா பராமரிப்பாளரின் காலில் பாய்ந்தது. சுட்டவருக்குக் கிடைத்த கவனக்குறைவுக் குற்றத் தண்டனையையும் 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அதே 2016இல் வட கரோலினாவில், ரோந்துக் காவலர் துரத்திய காரை வீட்டருகே நிறுத்தி இறங்கிய காது கேளாத ஒருவர், கையில் ஆயுதமின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே குற்றச்சாட்டே பதிவாகவில்லை.

இந்த வழக்குகளிலெல்லாம் சுட்ட அந்த நொடியில் காவலர் உண்மையாகவே அஞ்சினாரா என்பதே பெரிய கேள்வியாக இருக்கிறது. பெரும்பாலும் அஞ்சித்தான் இருப்பார். என் தம்பியை அடித்தவரும் அஞ்சியிருக்கலாம். ஆனால் அதற்கு முந்தைய சில நிமிடங்களைப் பற்றி எவரும் அவ்வளவு துருவிக் கேட்பதில்லை. விலகி நிற்க இடமும் பொறுத்துப் பார்க்க நேரமும் இருந்தனவா, அருகிலிருந்தவர் கத்திச் சொன்னது ஏன் காதில் ஏறவில்லை, இப்படியும் மனிதர்கள் உண்டு என்று அந்தக் காவலருக்குப் பயிற்சிக் காலத்தில் யாராவது சொன்னார்களா? சொன்னதைக் கேட்காமல் நிற்பது, திடீரென ஓடுவது, பைக்குள் கை விடுவது ஆகிய மூன்றும் காவலர் கண்ணுக்கு ஆபத்தின் அறிகுறிகள். காது கேளாதவருக்கும் ஆட்டிசம் உள்ளவருக்கும் மனநோயாளிக்கும் அவை நடப்பு. பயிற்சி தராமல் பணிக்கு அனுப்பியவரும் விசாரணையில் பதில் சொல்ல வேண்டியவர் என்பது என் கருத்து.

நம் ஊரில் துப்பாக்கி அவ்வளவு எளிதில் வெளியே வராது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் 'தப்பியோட முயன்றபோது காலில் சுட்டுப் பிடித்தனர்' என்பதையும், 'கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது' என்பதையும் காபியோடு படித்துப் பழகியவர்கள் நாம். காவல் துறையினர் சுட்டதில் ஒருவர் இறந்தால், சம்பந்தப்படாத வேறு நிலையத்தாரோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும், நடுவர் விசாரணையும் நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் 16 வழிமுறைகளை வகுத்தது. அவை பெரும்பாலும் சாவுக்குப் பிந்தியவை. சாட்சியம் தப்பிப் பிழைப்பதே இங்கே பெரும்பாடு. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது நிலையத்துக் கேமராப் பதிவுகள் அன்றன்றே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய நீதித்துறை நடுவர் நேரில் சென்று பார்த்ததால்தான் நாம் அறிந்தோம். அங்கே நடந்ததைச் சொல்ல ஒரு பெண் காவலர் துணிந்தார். வாய் பேச முடியாத ஒருவரை நிலையத்துக்குள் கொண்டுபோனால், கேமராவும் இல்லை, அப்படியொருவரும் இல்லை என்றால், அவர் தரப்பை யார் சொல்வது?

சட்டம் இல்லாமலில்லை. காவல் துறையினருக்கான எல்லாப் பயிற்சிகளிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமை பாடமாக இருக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. தெருவில் அலையும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், எந்த நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு. மாசி வீதிகளிலும் ரயில் நிலைய வாசலிலும் அப்படி அலைபவர்களை மதுரைக்காரர் எவரும் பார்த்திருப்பார். அவர்களை லத்தியால் நெட்டித் தள்ளுவதையும் பார்த்திருப்பார்.

ஆகவே, 47ஆம் பிரிவின்படி காவலர் பயிற்சிப் பள்ளிகளில் இந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது, நடத்துபவர் யார் என்பதை அரசு வெளியிட வேண்டும். காவல் துறையினரால் மாற்றுத்திறனாளி ஒருவர் காயப்பட்டாலோ இறந்தாலோ, கோட்டாட்சியர் விசாரணையில் அந்தக் குறைபாட்டை அறிந்த வல்லுநரும், தேவையானால் சைகை மொழிபெயர்ப்பாளரும் இருந்தாக வேண்டும். அறிக்கையின் நகல் குடும்பத்தார் கைக்கு வர வேண்டும். அடுத்த சித்திரைக்கு முன்பே செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. திருவிழாப் பாதுகாப்புக்கு வருபவர்களில் வெளிமாவட்டக் காவலர்கள் ஏராளம். அவர்களை வரிசையில் நிறுத்திப் பணியிடம் பிரித்துத் தரும்போது, சொல்லியும் நகராத ஒருவரைக் கண்டால் முதலில் அவர் முன்னால் போய் நின்று முகம் பார்த்துக் கையால் காட்டுங்கள் என்று ஓர் அதிகாரி சொல்லிவிடலாம். என் தம்பி இப்போது அட்டையைச் சட்டைப் பையில் வைப்பதில்லை. அழகர் வேடத்துக்கு வாங்கிய சரிகையில் மிஞ்சியதைக் கொண்டு அவனே ஒரு வார் தைத்து, அதில் கோத்து, வெளியே தெரியும்படி கழுத்தில் மாட்டிக்கொள்கிறான்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
செல்லூர், மதுரை.